தார்ப்பாயின் எதிர் முனை

இன்று மதியம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தேன். சோவென்று சத்தம் கேட்டது. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து, "ஏனுங்க, மழை வந்துருச்சுங்க, மிளகை மூடோணும், அந்தப் பக்கம் புடிங்க" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்துவிட்டேன். வெளியே சுள்ளென்று வெயில். எதிரே கடல். பின்னால் ஓடிவந்த மகள், "மழை இல்லம்மா, அலைச் சத்தம்" என்று சிரித்தாள். நான் யாரைக் கூப்பிட்டேன் என்பது உறைத்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

நீங்கள் இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வாய் இன்னும் உங்களைத்தான் கூப்பிடுகிறது.

தரங்கம்பாடியில் இருக்கிறோம். கடலோரத்துப் பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து விடுதியாக்கியிருக்கிறார்கள். எங்கள் அறை அந்தக் காலத்தில் கப்பலுக்குப் போகும் மிளகு மூட்டைகளை அடுக்கிய கிடங்காம். சாவி கொடுத்த பெண் சொன்னாள். நான் சுவரை மோந்து பார்த்தேன். புதுப் பெயின்ட் வாசம்தான் அடித்தது. கட்டில் வேறு இடுப்பளவு உயரம். நீங்கள் வந்திருந்தால் தரையில் துண்டை விரித்திருப்பீர்கள், மகள் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

கடல் பார்க்க வேண்டும் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! தையில் கேட்டால் மிளகு பறிப்பு, மாசியில் கேட்டால் அதைக் காயப்போடும் வேலை, அது முடிந்தால் மரவள்ளிக்கிழங்கு. "வாசல்ல மிளகு கெடக்கையில ரெண்டு பேரும் எப்படிப் புள்ள போறது?" என்பீர்கள். நம் மலையில் எந்த வீட்டில்தான் போனார்கள் என்று அடங்கிவிடுவேன்.

தூறல் விழுந்தால் மிளகு காயும் தார்ப்பாயை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு எதிரெதிராக நடப்போம். மிளகு நடுவில் குவியும். முனைகள் சேரும் இடத்தில் முகத்துக்கு முகம் நிற்போம். ஒவ்வொரு தடவையும் நீங்கள், "வந்துட்டியா புள்ள?" என்பீர்கள், நான் என்னவோ வெளியூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் மாதிரி. நனைந்துகொண்டு இது என்ன விளையாட்டு என்று எரிந்து விழுவேன்.

போன மாசியில் மழை வந்தபோது நான் ஒருத்திதான். ஒரு முனையை இழுத்துக்கொண்டு நடந்தேன். மறுமுனை தரையிலேயே கிடந்தது. மிளகு அந்தப் பக்கமாகச் சரிந்து தண்ணீரோடு ஓடியது. மிஞ்சியதில் பூசணம் பிடித்தது. சோளக்காடு சந்தையில் வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூட்டையிலேயே போட்டார். அதைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது அழுகைகூட வரவில்லை. அலுப்பாக இருந்தது. அந்த அலுப்பு இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை.

மகள் என்னைச் சும்மா கூட்டி வரவில்லை. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நாமக்கல்லில் அவளோடு வந்து இருக்க வேண்டுமாம். நாளை ஊர் திரும்புவதற்குள் பதில் கேட்டிருந்தாள். நீங்கள் நட்ட கொடியைப் பிறத்தியார் கையில் எப்படிக் கொடுப்பது என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

இன்று அந்தக் கதவருகிலேயே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "உட்ரலாம் கண்ணு. இனி என்னால ஆவாது."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நினைத்தது நடந்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் இல்லை.

"தார்ப்பாய் மட்டும் என்னோட வரும்" என்றேன்.

"மாடி ஊட்டுல அது எதுக்கும்மா?"

நாமக்கல்லிலும் மழை பெய்யும். சத்தம் கேட்டால் எழுந்துவிடுவேன், கை ஒரு முனையைத் தேடும். எதிர் முனையிலிருந்து நீங்கள் கேட்பீர்கள், வந்துட்டியா புள்ள என்று.

வாரேனுங்க. முட்டி வலிக்குது, மெதுவாத்தான் வருவேன். அதுவரைக்கும் உங்க முனையைப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க.