கிணற்றில் மிச்சமிருக்கும் கெளுத்தி

என் பிரியமான அண்ணாவுக்கு,

முதலில் கிணற்றைப் பற்றித்தான் கேட்பாய். மழை நன்றாகப் பெய்தது, மேல்படி வரை தண்ணீர் நிற்கிறது. ஆனால் அந்தப் பெரிய கெளுத்தி இன்னும் உள்ளேயேதான் கிடக்கிறது.

கோழிப்பண்ணைக் குட்டையிலிருந்து விரால் குஞ்சு என்று நம்பி ஒரு குடம் வாங்கிவந்து கிணற்றில் விட்டாயே, அதில் கடைசியாக மிஞ்சியது அது. ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று தெரிவதற்குள் நம் கெண்டைகளையெல்லாம் தின்று தீர்த்துவிட்டன. மழை ஓய்ந்தும் கிணற்றில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

காதுச் சவ்வு ஓட்டையானதால் உன்னால் ஆழத்துக்குப் போகமுடியாது. நீ வேலைபார்த்த போர்வெல் ரிக் பட்டறையில் கிடந்த கம்பியில் எனக்கு ஓர் ஈட்டி அடித்துக்கொடுத்தாய். ஞாயிறுதோறும் நான் நீச்சல் கண்ணாடி மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி முங்கி, கெளுத்திகளை ஒவ்வொன்றாகக் குத்தி எடுப்பேன். கீழிருந்து ஒருமுறை இழுத்தால் நல்லா இருக்கிறேன் என்று அர்த்தம். நீயும் மேலிருந்து ஒருமுறை இழுப்பாய். இரண்டுமுறை இழுத்தால் தூக்கவேண்டும். அண்ணி அண்டாவோடு படியில் உட்கார்ந்து, "ஏனுங்க, பொம்பளையக் கெணத்துல எறக்கி உட்டுட்டு ஆம்பள கரையில நிக்கறீங்களே, ஊரு சிரிக்காதுங்களா?" என்பார். "தப்புப் பண்ணுனது நானு, முங்கறது அம்முணி. சிரிச்சாச் சிரிக்கட்டும்" என்பாய் நீ.

பட்டறையிலிருந்து டீ குடிக்கப் போன நீ திரும்பவேயில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா அண்ணா?

என் வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போயிருக்கிறார். அண்ணி உன் காரியம் முடிந்ததிலிருந்து வாசலுக்குக்கூட வருவதில்லை. எனக்கும் பேச ஆளில்லை. போன ஞாயிறு மனசு கேட்காமல் கயிற்றைத் தென்னைமரத்தில் கட்டிவிட்டு இறங்கினேன்.

கல்லிடுக்கில் அது மீசையை ஆட்டிக்கொண்டு கிடந்தது. ஈட்டியை நீட்டுவதற்கு முன், பழக்கதோஷம், கை கயிற்றை ஒருமுறை இழுத்துவிட்டது. காத்திருந்தேன். தென்னைமரம் என்ன பதில் சொல்லும்? தண்ணீருக்குள்ளேயே அழுதேன். கண்ணாடிக்குள் கண்ணீர் கட்டி ஒன்றும் தெரியவில்லை. வெறுங்கையோடு மேலே வந்தேன்.

கரையில் அண்ணி நின்றிருந்தார்.

"ஏங் கண்ணு, தனியாவா எறங்குன?"

அவர் திட்டவில்லை. மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"போ. நாம் புடிச்சுக்கறேன்."

மறுபடி முங்கினேன். அதே இடுக்கில் அதே மீசை. குறிபார்த்துக்கொண்டே, மேலே ஆள் இருக்கிற தெம்பில், ஒருமுறை இழுத்தேன். அவ்வளவுதான். வாளியைச் சேந்துவது மாதிரி என்னை இழுத்து மேலே கொண்டுவந்துவிட்டார். ஈட்டி கீழே போய்விட்டது, கல்லில் உரசி முட்டி சிராய்த்துவிட்டது.

"ஒருக்கா இழுத்தா நல்லா இருக்கறேன்னு அர்த்தம் அண்ணி. ரெண்டு இழுத்தாத்தான் தூக்கோணும்."

அவர் கயிற்றை விடவே இல்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சாமி. அவரு ஒருக்காக்கூட இழுக்காமப் போயிட்டாரு. இனி இந்தக் கயிறு அசஞ்சாலே நாந் தூக்கிருவேன்."

சொல்லிவிட்டு அழுதார். நீ போனபிறகு அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். இருவரும் படியிலேயே உட்கார்ந்திருந்தோம், இருட்டும்வரை.

கெளுத்தியை எடுத்துவிட்டு நம் கெண்டைக் குஞ்சுகளை விடுவேன், அது என் பொறுப்பு. ஆனால் இனி மரத்தில் கட்டிவிட்டு இறங்கமாட்டேன். அண்ணிக்கு நம் கணக்கைப் பழக்கவேண்டும். நான் இழுத்தால் தூக்காமல், பதிலுக்கு ஒருமுறை இழுக்க அவர் மனசு ஆறும்வரை அந்த மீன் பிழைத்துக்கிடக்கட்டும்.

முட்டியில் மஞ்சள் பத்தோடு,
உன் தங்கச்சி