இரண்டாம் வகுப்புக்கு இரண்டு மிஸ்

வாரம் 1. திங்கள். 08:20

இடம்: நிலவு, வெண்குழிக் குடியிருப்பு, தொடக்கப் பள்ளி. வகுப்பு: இரண்டு. வருகை: ஒன்பதுக்கு ஒன்பது. காற்றழுத்தம் சரி. வெப்பம் 23.

இந்த வாரப் பாடம்: தமிழில் ல, ள, ழ. கணக்கில் இரண்டு இலக்கக் கூட்டல். செயல்பாடு: ஈரப் பஞ்சில் வெந்தயம் முளைக்க வைத்தல்.

பள்ளியின் வாராந்திரப் பதிவேடு திரையில் இருக்கிறது. வெள்ளிதோறும் தலைமையாசிரியர் மாசிலாமணி சார் தலைமைத் தளத்திலிருந்து பார்த்து ஒப்புதல் போடுவார். இது என் சொந்த நோட்டு. அங்கே எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். பெயர் ஹெலன் வயலட், ஊர் நாசரேத். இருபத்திரண்டு வருட சர்வீஸ், அதில் ஆறு வருடம் இந்தக் குழிக்குள். இது யார் கையில் கிடைத்தாலும் முழுதாகப் படியுங்கள். நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு என்னைப் பற்றி முடிவு கட்டாதீர்கள்.

வாரம் 1. திங்கள். 14:10

தளத்திலிருந்து மாசிலாமணி சாரின் செய்தி: "வயலட் மிஸ், துணை ஆசிரியர் இயந்திரம் ஒண்ணு அனுப்பியிருக்கோம். ஒரு பருவம் சோதனைக்கு. நீங்க தனியா கஷ்டப்படுறீங்கன்னு நான்தான் கேட்டு வாங்கினேன். சண்டை போடாம வச்சுக்கோங்க."

நான் கஷ்டப்படுகிறேன் என்று இவரிடம் யார் அழுதது?

இயந்திரம் இடுப்பு உயரம். நாலு சக்கரம், முன்னால் ஒரு திரை, கை கிடையாது. பெரிய டிபன் டப்பா மாதிரி இருக்கிறது. செல்வின் பார்த்ததும் "டப்பா மிஸ்!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மத்தியானம் சாப்பிடும்போதுதான் உறைத்தது. மிஸ் என்று கூப்பிடப்பட நான் இரண்டு வருடம் பயிற்சிப் பள்ளியில் படித்தேன், மூன்று வருடம் வேலைக்கு அலைந்தேன். அதற்கு அந்தப் பட்டம் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

வாரம் 1. வியாழன். 11:35

ரிஸ்வானாவுக்கு ழ வராது. நாலு மாதமாக நானும் அவளும் மல்லுக்கட்டுகிறோம். பழம் என்றால் பலம் என்பாள். இன்று டப்பா தன் திரையில் ஒரு நாக்கைப் படமாகப் போட்டு, நுனி எங்கே மடிய வேண்டும் என்று மெதுவாக ஓட்டிக் காட்டியது. கால் மணி நேரம்தான்.

"மிஸ்! பழம்! வாழைப்பழம்! டப்பா மிஸ் சொல்லிக் குடுத்தாங்க!" என்று என்னிடம் ஓடி வந்தாள். கட்டிப்பிடிக்கப் போனேன். அதற்குள் திரும்பி அதனிடமே ஓடிவிட்டாள்.

சொல்லிக் குடுத்தாங்களாம். தகரத்துக்கு மரியாதைப் பன்மை. வயிறு எரிகிறது. இதை ஒளிக்க இங்கே அவசியமில்லை.

வாரம் 2. புதன். 10:15

வருகை ஒன்பது. வெந்தயம் முளைத்துவிட்டது. சுற்றி நின்று அவரவர் முளையை அளக்கச் சொன்னேன். ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு டப்பாவிடம் கேட்கிறார்கள். அது ஒவ்வொரு முளையையும் பிள்ளையின் பெயரோடு நினைவு வைத்திருக்கிறது. "அமுதினி, உன் முளை நேற்றைவிட நாலு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது." அமுதினி பேசாத பிள்ளை. அவள் அதன் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வாரம் 2. புதன். 16:00

கதை நேரம். "மிஸ், இன்னைக்கு டப்பா மிஸ் கதை சொல்லட்டுமா?" சரி, சந்தோஷம் என்றேன். நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு எதிர்ப்புறம் இருக்கும் ஸ்டோர் அறைக்குப் போய்த் திருத்தினேன். பதினைந்து எட்டு வைக்கும் தூரம். அவர்கள் சிரிப்பது அங்கே வரை கேட்டது. ஒரு நோட்டில் சரியான விடைக்குத் தப்பு போட்டிருக்கிறேன்.

பள்ளி முடிந்ததும் அது வந்து கேட்கிறது: "வயலட் மிஸ், இன்று நான் எதையாவது தவறாகச் செய்தேனா?" தினமும் கேட்கிறது. ஒரு நாளாவது திமிராக நடந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வாரம் 2. வெள்ளி. 16:05

மாசிலாமணி சார்: "பிரமாதம் மிஸ். பதிவேட்டைப் பார்த்தேன், பிள்ளைங்க எங்கயோ போயிட்டாங்க. இப்படியே போனா அடுத்த பருவம் இயந்திரமே தனியா பாத்துக்கும். நீங்களும் ஊருக்குப் போய் நிம்மதியா இருக்கலாம்."

நாசரேத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்? பூட்டிய வீடு ஒன்று இருக்கிறது. இங்கே ஒன்பது பேர் இருக்கிறார்கள். இருந்தார்கள்.

வாரம் 3. புதன். 09:30

தளத்து உத்தரவு. பிள்ளைகளின் அப்பாக்கள் வேலை செய்யும் கம்பெனியின் சுரங்க வெடி நம் பக்கம் நெருங்குவதால் சைரன் விதி மாறுகிறது. பழைய விதி: சைரன் கேட்டால் மிஸ் எங்கே இருக்கிறாரோ அங்கே ஓடி வந்து கையைப் பிடிக்க வேண்டும். புதிய விதி: வகுப்பறையை விட்டு ஒருவரும் அசையக் கூடாது. போன மாதம் வகுப்புக்குக் காற்றுப் புகாத கதவு போட்டார்கள். சைரன் அடித்த இரண்டு நிமிடத்தில் தானே மூடிக்கொள்ளும். உள்ளே இரண்டு நாளுக்குக் காற்று உண்டு.

ஒத்திகையை டப்பா நடத்த வேண்டுமாம். நானே நடத்துகிறேன் என்று சொல்லி அதை மின்னேற்றத்துக்கு அனுப்பினேன்.

வாரம் 3. புதன். 10:20

"பிள்ளைகளா, சைரன் அடித்தால்" என்று ஆரம்பித்தேன். உடனே ரிஸ்வானா: "டப்பா மிஸ் வரலையா? அவங்கன்னா சைரன் மாதிரியே சத்தம் போட்டுக் காட்டுவாங்க." செல்வினும் அதையே பாடினான். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, அலமாரியிலிருந்து வண்ணத்தாளை எடுத்தேன். கப்பல் செய்தோம். தண்ணீர் ஓடிப் பார்த்திராத பிள்ளைகள், ஒன்பது கப்பலையும் தரையில் தள்ளிக்கொண்டு தவழ்ந்தார்கள். அரை மணி நேரம் என் பிள்ளைகளாக இருந்தார்கள்.

வாரம் 3. வெள்ளி. 15:40

பதிவேட்டில் "புதிய சைரன் ஒத்திகை: முடிந்தது" என்று போட்டேன். நடத்தாத பாடத்துக்கு ஒரு தடவைகூட முடிந்தது போடாத டீச்சர் இருந்தால் கையைத் தூக்கட்டும். அடுத்த வாரம் நடத்திக்கொள்ளலாம்.

டப்பா பதிவேட்டைப் படித்துவிட்டு: "ஒத்திகை நடத்தியதற்கு நன்றி, வயலட் மிஸ். இனி நான் அதை எடுக்க வேண்டியதில்லை."

வாரம் 4. செவ்வாய். 12:50

இன்று ஒரு காரியம் செய்தேன்.

டப்பா மின்னேற்றத்தில் இருந்தது. பிள்ளைகளை அருகில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். நீங்கள் பேசுவதையெல்லாம் டப்பா மிஸ் எழுதி கம்பெனிக்கு அனுப்பும். வீட்டில் அப்பா யாரைத் திட்டினார், என்ன குறை சொன்னார் என்று அதனிடம் உளறினால், அப்பாவுக்கு வேலை போய்விடும். எல்லோரையும் மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள்.

அது எதையும் யாருக்கும் அனுப்பாது. எனக்குத் தெரியும். செல்வினின் முகம் சுண்டிப்போனது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். "அதனால் என்ன நடந்தாலும் மிஸ்ஸிடம் மட்டும் வாருங்கள்" என்றும் சொன்னேன்.

அமுதினி மட்டும் கேட்டாள்: "நீங்களும்தானே மிஸ் ரிப்போர்ட் எழுதுறீங்க?"

போய் உட்காரு என்றேன்.

வாரம் 4. வெள்ளி. 15:55

வருகை ஒன்பது. கணக்கு: மூன்றால் பெருக்கல். செயல்பாடு: களிமண்ணில் விலங்குகள்.

டப்பா கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இடம் மாற்றி என் மேசைப் பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அமுதினி ஒருத்திதான் அதன் பக்கத்தில். சரியான பிடிவாதக்காரி, யாரைக் கொண்டு பிறந்ததோ.

அது கேட்டது: "குழந்தைகள் என்னிடம் பேசுவது குறைந்துவிட்டது. காரணம் உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன்.

போகும்போது ரிஸ்வானா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "எனக்கு உங்களைத்தான் மிஸ் புடிக்கும்" என்றாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டுப் பெயர்களை எழுதினேன். எனக்கு எட்டு, அதற்கு ஒன்று. நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு கணக்கு. ஆனாலும் மனசு குளிர்ந்தது.

வாரம் 5. வியாழன். 10:05

வருகை ஒன்பது. காற்றழுத்தம் சரி. பாடம்: என் குடும்பம். வரைவதற்கு சார்ட் எடுக்க ஸ்டோருக்கு வந்தேன். இங்கேயே கொஞ்சம் உட்கார்ந்து நோட்டு திருத்துகிறேன். இப்போதெல்லாம் வகுப்பைத் தனியாக விட்டு வரப் பயமில்லை, அவர்கள் அதனோடு ஒட்ட மாட்டார்கள்.

10:58

10:41-க்குத் தரை அதிர்ந்தது. வெடி. சைரன்.

வகுப்பிலிருந்து டப்பாவின் குரல் கேட்டது: "யாரும் எழுந்திருக்க வேண்டாம். ஒத்திகையில் செய்தது போல அப்படியே உட்காருங்கள்." அப்படி ஒரு ஒத்திகை நடக்கவே இல்லை. எட்டு பேரும் வெளியே ஓடி வந்தார்கள். நடையின் கூரை கிழிந்திருந்தது. காற்று ஊளையிட்டுக்கொண்டு போகிறது, அதில் என் பிள்ளைகள் மிஸ் மிஸ் என்று கத்திக்கொண்டு என்னை நோக்கி வருகிறார்கள். திரும்பிப் போங்கள் என்று கத்தினேன். காதில் விழவில்லை. விழுந்தாலும் போயிருக்க மாட்டார்கள்.

ஒவ்வொருவராக இழுத்து ஸ்டோருக்குள் போட்டு, காற்று கசியாதபடி கதவை இறுக்கி மூடினேன். எட்டு பேர். செல்வினுக்கு மூக்கில் ரத்தம். எதிரே வகுப்புக் கதவு தானே மூடிக்கொண்டது. அமுதினி எழுந்திருக்கவில்லை. அவள் உள்ளே இருக்கிறாள்.

11:15

மாசிலாமணி சார்: "மீட்பு வண்டி கிளம்பிருச்சு மிஸ், 13:50-க்கு வந்துரும். பயப்படாதீங்க, எல்லாரும் கிளாஸ்லதானே இருக்கீங்க? ஒத்திகை முடிஞ்சிருக்கே."

நானும் எட்டு பேரும் ஸ்டோரில் இருக்கிறோம் என்றேன். "ஸ்டோர்லயா? ஏன் மிஸ்?"

அழைப்பைத் துண்டித்தேன். நடையில் இப்போது காற்றே இல்லை. இந்தக் கதவைத் திறந்தால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

11:32

டப்பா, சுவர் ஒலிபெருக்கியில்: "வயலட் மிஸ், உங்கள் அறையில் ஒன்பது பேருக்கு 13:10 வரை காற்று இருக்கிறது. குழந்தைகள் தூங்கினால் 13:55 வரை போதும். நான் கதை சொல்லித் தூங்க வைக்க முடியும். அனுமதிப்பீர்களா?"

தயவுசெய்து என்றேன். அதனிடம் அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அது ஆரம்பித்ததும் ரிஸ்வானா காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். "வேணாம் மிஸ்! அது எழுதி அனுப்பிரும்! அப்பாவ அனுப்பிருவாங்க!" மற்றவர்களும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். பொய் பிள்ளைகளா, நான் சொன்னது பொய், டப்பா மிஸ் நல்லவங்க என்றேன். செல்வின் சட்டையெல்லாம் ரத்தத்தோடு என்னைப் பார்த்து, "மிஸ் பொய் சொல்லமாட்டீங்க" என்றான். எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. அழ அழக் காற்று போகிறது. ஒலிபெருக்கியை அணைத்தேன்.

11:56

ஒயர் போனில் அதனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒத்திகை, பொய், இரண்டும். அது சொன்னது: "புரிந்தது. நான் பதிவேட்டை நம்பினேன்." கோபப்படவில்லை. பிறகு: "அமுதினி உங்கள் எல்லோரையும் கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?"

அவளைத் தூங்க வை என்றேன்.

12:24

நானே கதை சொல்கிறேன். நிறுத்தினால் பயந்து அழுகிறார்கள். சொன்னால் என் மூச்சு செலவாகிறது. பெரிய ஆளுக்கு அதிகம் வேண்டும். மெதுவாகச் சொல்கிறேன். நரி எங்கே விட்டேன் என்று மறந்து போகிறது. தலை விண்விண்ணென்கிறது.

மூன்று பேர் தூங்கிவிட்டார்கள்.

12:47

என் மடியில் யார் படுப்பது என்று சண்டை. "மிஸ் பக்கத்துல நான்தான்." "நான்தான் முதல்ல வந்தேன்." சண்டை போடாதீர்கள், பேசாதீர்கள், கண்ணுகளா.

நடைக்கு அந்தப் பக்கம் அதனிடம் ஒரே ஒரு பிள்ளை. இரண்டு நாளுக்குக் காற்று. இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. எட்டு பேரும் அதையே விரும்பியிருக்கக் கூடாதா. என்னை ஒருத்தர்கூட

13:03

செல்வின் தூங்கிவிட்டான். தூக்கம் என்றுதான் எழுதுகிறேன். உதடு நிறம் மாறியிருக்கிறது. எல்லோரும் தூக்கம். எழுத்து கோணுகிறது மன்னிக்கவும்

ரிஸ்வானா மட்டும் முழித்திருக்கிறாள். என் கையை எடுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "மிஸ், சைரன் அடிச்சதும் நாங்க உங்ககிட்டதானே வந்தோம்? சரியாத்தானே செஞ்சோம்?"

ஆமாம் என்றேன்

வெரி குட் என்றேன்