பன்னிரண்டு கிலோ கைப்பை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே எனக்கு உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. மாமாவின் முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறாமல் பார்த்துக்கொள். சின்னவளுக்கு முன்பல் முளைத்துவிட்டதா? பொக்கை வாயோடு நீ அனுப்பிய படத்தை என் வேலை மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் இந்தப் பேச்சை ஆரம்பித்தாலே, "விடுடா, நீ என்ன பண்ணுவ, ப்ளேன் லேட்டு" என்று நீயே முடித்துவிடுகிறாய். இரண்டு மாதமாக இப்படித்தான். பெற்றவள் முகம் பார்க்க வராதவன் என்று சித்தப்பா என்னைக் குத்திப் பேசியபோது, நீ அவரோடு சண்டைக்கே போய்விட்டாயாம். மாமா சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா, ப்ளேன் லேட்டாகவில்லை. நேரத்துக்குத்தான் கிளம்பியது. நான்தான் அதில் இல்லை.

என் பையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அக்கான்னு பேருக்குத்தான் நான். உன் கூடப் பிறந்தது அந்தப் பைதான்" என்பாய். கேமரா இரண்டு, லென்ஸ் நான்கு, ஃபிளாஷ், பேட்டரிகள், எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு கிலோ. கையில் ஏழு கிலோதான் விடுவார்கள். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வித்தை உண்டு. கனமான லென்ஸ்களைக் கோட்டுப் பாக்கெட்டுகளில் திணித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் நிற்பது. எடை போட்டதும் எல்லாம் பழையபடி பைக்குள் போய்விடும். பத்து வருடமாக இந்தத் திருட்டுத்தனம் பலித்தது. அம்மாவைப் பார்க்கக் கிளம்பிய அன்றும் முதல் விமானத்தில் பலித்தது.

மாறி ஏற வேண்டிய இரண்டாவது விமானம் சின்னது. வாசலில் நின்ற பெண் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது சரக்கோடு கீழே போகட்டும் என்றாள். லென்ஸ் உடைந்துவிடும் என்றேன். பேட்டரியைச் சரக்கில் போடக் கூடாது என்று அவளுக்கே சட்டம் சொன்னேன். பேட்டரியை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் சார் என்றாள். பொறுமையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் வீம்பு. மேலதிகாரியைக் கூப்பிடு என்று நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் என்னைத் தாண்டி ஏறிவிட்டார்கள். மேலதிகாரி வந்து சேர்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த விமானத்துக்கு ஒன்பது மணி நேரம் இருந்தது.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று பண்ணியிருக்கிறேன். வரிசையில் நிற்கும்போதே "ஏறிட்டேன்" என்று உனக்குச் செய்தி அனுப்பினேன். உன் கவலை குறையட்டும் என்று எப்போதும் செய்வதுதான். நீ அதை ஆஸ்பத்திரியில் அம்மா காதில் சொன்னாய். "ஏறிட்டான்னா வந்துருவான்" என்று அம்மா நர்ஸிடம் சொன்னாளாம். கண் மூடும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த என் கழுத்தை நீ கட்டிக்கொண்டு அழுதபோது நான் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. லேட்டு என்று மட்டும் சொன்னேன்.

ஊரார் வீட்டு விசேஷமெல்லாம் படம் பிடித்தவன், அம்மாவை உட்கார வைத்து ஒழுங்காக ஒரு படம் எடுத்ததில்லை. இந்த முறையாவது நல்ல வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்றுதான் அத்தனையையும் சுமந்தேன். கிளம்பும்போது அம்மா போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வெறுங்கையோட வாடா, போதும்." எல்லா அம்மாவும் சொல்வதுதானே என்று இருந்துவிட்டேன்.

இனி சித்தப்பாவிடம் எனக்காக வாயாடாதே. அவர் சொன்னது சரிதான். உனக்கு ஆத்திரம் தீரும்வரை என்னைத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. எனக்கு இனி நீ ஒருத்திதான் அம்மா.

அடுத்த மாதம் வருகிறேன். பை வராது. இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகுதான் "ஏறிட்டேன்" என்று அனுப்புவேன். அதற்கு "வா" என்று ஒரு வார்த்தை பதில் போடு, அக்கா.

உன்னிடம் பொய் சொன்ன
உன் தம்பி