ரைஸ் குக்கருக்கு ஒரு துவக்கு

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
19.10.2008

யோகேந்திரனுக்கு,

நானும் மனுசி யோசெப்பினும் நலம். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் தொடங்கியிருக்கிறேன். உண்மை நிலவரம் என்னவென்றால், என் தலைமயிர் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது.

சிரிக்காதே. வழக்கமாக முடி வெட்டுகிற நம்முடைய ஆட்களின் கடைக்குப் போக எனக்கு முகமில்லை. காரணம் கீழே வரும். அதனால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பிரெஞ்சுக்காரியின் கடைக்குப் போனேன். அவள் ஏதோ கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல் "வுய்", அதாவது ஓம். அதைச் சொல்லித் தலையாட்டினேன். பிறகும் ஏதோ கேட்டாள். அதற்கும் தலையாட்டினேன். நாற்காலி நல்ல மெத்தை நாற்காலி. நித்திரையாகிப் போனேன். எழும்பிக் கண்ணாடியைப் பார்த்தால் ஐம்பத்துமூன்று வயதுச் சண்முகலிங்கத்தின் தலையில் கத்தரித் தோட்டம். டோர்வலில் நான் வேலை செய்கிற, விமானச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் எல்லோரும் வலைத்தொப்பி போட வேண்டும் என்ற சட்டத்தை இவ்வளவு காலமும் திட்டித் திரிந்தவன், இப்போது வலைத்தொப்பியைக் கும்பிட்டுத்தான் போடுகிறேன். யோசெப்பின் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்த்துச் சோறு போடவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்து கறி கொட்டுப்படுகிறதாம்.

இவ்வளவு காலம் மொன்றியலில் இருந்தும் பிரெஞ்சு படிக்கவில்லையா என்று சனம் கேட்கிறது. நான் ஏன் படிக்க வேண்டும்? நீ இருந்தாயே. வீட்டுக்காரன் கத்தினால் நீ பதில் சொன்னாய். பல் வைத்தியர் எந்தப் பல் என்று கேட்டால் என் பல்லை நீ தொட்டுக் காட்டினாய். வந்த புதிதில் ஒரே அறையில் கிடந்து, ஒரே குளிர்க்கோட்டை நீ பகல் வேலைக்கும் நான் மாலை வேலைக்கும் மாறி மாறிப் போட்டோமே, அந்தக் காலத்திலிருந்து என்னுடைய வாய் உன்னிடம்தான் இருந்தது. யூலை முதலாம் திகதி நீ அதையும் சாமானோடு சாமானாகக் கட்டி ரொறொன்ரோவுக்குக் கொண்டுபோய்விட்டாய். மொன்றியல் முழுவதும் வீடு மாறுகிற நாளில் யார் எந்த லொறியில் போகிறான் என்று யாருக்குத் தெரியும்? கெட்டிக்காரன்.

உனக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் நீ அங்கே இதை வேறு மாதிரிச் சொல்லித் திரிகிறாய் என்று கேள்வி. ஸ்காபரோவில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவில், வடை சாப்பிட்டுக்கொண்டே, நல்லம்மா அக்காவைக் காட்டிக்கொடுத்தது சண்முகலிங்கம்தான் என்று சொன்னாயாம். வடை எப்படி இருந்தது என்பதுவரை எனக்குச் செய்தி வந்துவிட்டது. ஆகவே என் பக்கத்தையும் ஒருமுறை வாசி.

மாசி மாதம் பிறந்தநாள் மண்டபத்தில் யாரோ துவக்கால் சுட்டு அந்தப் பெடியனின் கால் போன பிறகுதான் எங்கள் சங்கத்துக்கு இந்த யோசனை வந்தது. ஆயுதத்தைக் கொண்டுவந்து தந்தால் கேள்வியில்லை, பதிலுக்கு ஒரு பொருள். பொலிஸ்காரன் ஹென்றி சைக்கிள் கொடுக்கலாம் என்றான். துவக்கு வைத்திருக்கிற பெடியனிடம் கார் இருக்கிறது, அவனுக்கு எதற்குச் சைக்கிள்? நான்தான் எழும்பி ரைஸ் குக்கர் என்றேன். எல்லோரும் பகிடி பண்ணினார்கள். யோசெப்பின் வீட்டில் வைத்து இன்னும் கேவலப்படுத்தினாள். குக்கருக்குத் துவக்கைக் கொடுக்கிறவனுடைய துவக்கு எப்போதோ பழுதாகிப் போயிருக்கும், வேலை செய்கிற துவக்கை வைத்திருக்கிறவன் சோறு தின்ன வீட்டுக்கே வருவதில்லை என்றாள். நான் விடவில்லை. பெடியன் கொண்டுவர மாட்டான், எனக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு துவக்குக்கும் மேலே ஒரு மெத்தை இருக்கிறது, அந்த மெத்தைக்கு விரிப்பு மாற்றுகிறவள் ஒரு தாய். நாங்கள் கூப்பிட வேண்டியது அவளைத்தான் என்றேன். அன்றைக்கு முதலில் கைதட்டியவன் நீ.

ஆனி மாதச் சனிக்கிழமை, தேவாலயத்தின் கீழ்மண்டபம். ஹென்றி சொல்லச் சொல்ல ஒலிவாங்கியில் தமிழில் சொன்னது உன் குரல். "பேர் கேக்க மாட்டம், முகம் பாக்க மாட்டம், வீட்டுக்கு வர மாட்டம்." இந்தச் சனத்துக்கு, இத்தனை சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்த சனத்துக்கு, அப்படி ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை.

வந்த ஆயுதங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்புத்தான். சென்னையிலிருந்து வந்த கணினிக்காரப் பையன் ராகவ் தீபாவளிப் பொட்டுவெடித் துப்பாக்கியோடு வரிசையில் நின்று, சார் இது கணக்குல வருமா, எங்க வீட்ல குக்கர் இல்ல என்று கேட்டான். பக்கத்துத் தெருக் கிழவர் தன் தகப்பன் மான் சுட்ட துவக்கைத் தோளில் போட்டு அணிவகுப்பு மாதிரி வந்தார். குக்கரை வாங்கிக்கொண்டு போனவர், அதில் பாண் சுடலாமா என்று கேட்க அடுத்த நாளும் வந்தார். துருப்பிடித்த காற்றுத் துவக்கு ஒன்றும் வந்தது. யோசெப்பின் தூரத்தில் நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

அப்போதுதான் பின்கதவால் நல்லம்மா அக்கா வந்தார். புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதியில் துப்புரவு வேலை முடித்து, அந்த உடுப்போடேயே. கையில் இடியப்பப் பெட்டி. மேலே இடியப்பம், அதற்குக் கீழே பழைய சேலைத்துண்டு, அதற்குள் கைத்துவக்கு. பஸ்ஸில் யாராவது திறந்து பார்த்தால் என்ன செய்வது என்று அவித்துக் கொண்டுவந்தாராம். மகன் மிதுசனுடைய மெத்தைக்குக் கீழே எடுத்தது. உண்மையான துவக்கு, சுடுகிற துவக்கு. நீயும் நானும் மட்டும் அவரிடம் வாங்கி, பெயர் சொல்லாமல் மேசையில் கொண்டுபோய் வைத்தோம். ஹென்றி இடியப்பத்தில் ஒன்றைச் சொதி இல்லாமலே தின்று, நல்லது என்றான். அக்காவுக்குச் சிவப்புக் குக்கர் வேண்டுமாம். தேடிக் கொடுத்தேன். அன்றைக்கு நான் யோசெப்பினிடம் ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியும். குக்கர் வென்றது என்று நடுமண்டபத்தில் நின்று சொன்னேன்.

அடுத்த கிழமை பொலிஸ் நல்லம்மா அக்காவின் வீட்டுக்குப் போனது. துவக்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள் பார். வீட்டைத்தான் தேடினார்கள். பால்மா டின்னுக்குள் தோட்டாக்கள் இருந்தன. துவக்கைக் கொண்டு வாருங்கள் என்றுதானே அறிவித்தல், தோட்டாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று அக்கா கேட்டாராம். அந்த அறிவித்தலை எழுதிய மேதாவி நான்.

மிதுசன் இப்போது உள்ளே இருக்கிறான். அவன் குடியுரிமை எடுக்காமல் சோம்பிக் கிடந்தவன் என்பது உனக்குத் தெரியும். கார்த்திகையில் விசாரணை. அதில் தோற்றால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். இந்த நேரத்தில், வன்னியில் நடக்கிற இந்தச் சண்டைக்கு நடுவில், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருபது வயதுத் தமிழ்ப் பெடியன் ஒருவன் பொலிஸ் காவலோடு போய் இறங்கினால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை. அக்கா ஏற்கெனவே புருசனைப் பறிகொடுத்தவர்.

விஷயம் தெரிந்தது மூன்று பேருக்கு. அக்கா தன் மகனைத் தானே காட்டிக்கொடுக்க மாட்டார். நான் பிரெஞ்சில் காட்டிக்கொடுக்க முதலில் எனக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டும். மிச்சம் யார்? வாசலில் நின்று ஹென்றியோடு அவ்வளவு நேரம் சிரித்துச் சிரித்துக் கதைத்தது நீ. உன் மகள் ஆர்த்திகாவும் மிதுசனும் மெட்ரோவில் ஒரே மவ்ளரைச் சுற்றிக்கொண்டு நின்றதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெடியனை உனக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு ஊர் மாறலாம், மாறினாய், சரி. அதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டுமா?

இங்கே என் நிலைமையைக் கேள். தமிழ்க்கடைக்குள் நான் போனால் கதை நின்றுவிடுகிறது, வெண்டிக்காய் முறிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. முடிவெட்டுகிற கடையில் ஒருவன் என்னைப் பார்த்து, தலையில் சாக்கைக் கவிழ்த்த மாதிரிக் காட்டி, மேலும் கீழும் ஆட்டினான். தலையாட்டி. ஊரில் ஆமிக்காரன் சனத்தை வரிசையில் நிறுத்தும்போது, முகத்தை மூடிக்கொண்டு ஜீப்புக்குள் இருந்து ஆட்களைக் காட்டுகிறவனுடைய பெயர் எனக்கு. என் அண்ணன் அப்படி ஒருவனால் போனவன் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்தும்.

ஆவணியில் ஒரு காலை கதவைத் திறந்தால் படியில் சிவப்புக் குக்கர். கழுவித் துடைத்து, வயரைச் சுற்றிக் கட்டி. அக்கா தெருவில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. திட்டவுமில்லை. "தம்பி, உங்களை நம்பித்தானே கொண்டந்தனான்" என்று மட்டும் சொன்னார்.

புரட்டாதியில் சங்கம் இரண்டாம் தடவையும் மண்டபம் எடுத்தது. ஹென்றி வந்தான், குக்கர்கள் வந்தன, ஒரு காக்கைகூட வரவில்லை. ராகவ்கூட வரவில்லை. யோசெப்பினுக்குத் தெரிந்த ஒரு தாய் மகனுடைய அலுமாரிக்குள் துவக்கு ஒன்றைக் கண்டெடுத்தாராம். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இருந்த மாதிரியே மடித்துத் திருப்பி வைத்துவிட்டாராம். இந்தத் திட்டமெல்லாம் பலன் தருமா என்று இனி யாராவது என்னிடம் கேட்டால் அந்தத் தாயைத்தான் காட்டுவேன். யோசெப்பின் சொன்னது பிழை, நான் சொன்னதுதான் சரி. எங்கள் திட்டம் பலன் தந்தது. ஒரே ஒரு தடவை தந்தது. குக்கரால் அல்ல, உன் குரலாலும் என் முகத்தாலும். அவை இரண்டும் இப்போது கடையில் வாங்கக் கிடைக்காது. மிஞ்சிய குக்கர்கள் என் நிலவறையில் சுவர் மாதிரி அடுக்கியிருக்கின்றன. அவற்றைத் தாண்டித்தான் உடுப்புத் தோய்க்கப் போகிறேன்.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். விசாரணைக்கு வா. வழக்கறிஞர் சொல்கிறார், அன்றைக்கு ஒலிவாங்கியில் என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது என்று பிரெஞ்சிலும் தமிழிலும் சொல்லக்கூடிய ஆள் வந்தால் பெடியனுக்கு ஒரு வழி இருக்கலாமாம். அது நீ மட்டும்தான். வந்து அதைச் சொல். பிறகு அக்காவின் வீட்டுக்குப் போய், அது சண்முகலிங்கம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல். நீதான் என்று சொல்லக்கூடத் தேவையில்லை. நான் இல்லை என்று சொன்னால் போதும். பிறகு ரொறொன்ரோவிலேயே இரு, வடை தின்னு, ஆர்த்திகாவுக்கு நல்ல மாப்பிள்ளை பார். உன் வீட்டில் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். மனதாரத்தான் எழுதுகிறேன், மச்சான். இந்தக் கடிதத்தில் அந்தச் சொல்லை எழுதுவதில்லை என்று இருந்தேன். கை கேட்கவில்லை.

குளிர் தொடங்கிவிட்டது. வரும்போது நல்ல கோட்டாகப் போட்டுக்கொண்டு வா.

இப்படிக்கு,
சண்முகலிங்கம்

பி.கு: ஹென்றியில் பழியைப் போட்டுத் தப்பலாம் என்று நினைக்காதே. அவன் நல்லவன். அன்றைக்கு நீ கோப்பி எடுக்கப் போயிருந்த நேரம், நல்லம்மா அக்கா குக்கரைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்குப் போவதை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்று, என்னிடம் ஏதோ கேட்டான். மிதுசன் என்ற பெயரைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வுய் என்றேன். அதற்குப் பிறகு அவன் எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவே இல்லை.