ஹாரனைப் பார்க்கப் போய் வெடித்த பை

ஜூன் 7, ஞாயிறு

பள்ளி அரங்கத்துத் திரைச்சீலைகளில் இரண்டுக்கு அடிமடிப்பு தைத்து முடித்தேன். மூன்றாவது பாதியில் நிற்கிறது. நின்றதற்குக் காரணம் ஒரு வெடிச்சத்தம்.

எங்கள் காருக்குப் பதினெட்டு வயது. துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நான்தான் அதிகம் ஓட்டுகிறேன். கொஞ்ச நாளாக ஹாரன் அடிக்கவில்லை. இன்று விடுமுறை என்று என் வீட்டுக்காரர் அதைப் பார்க்க உட்கார்ந்தார். இவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டில் கோளாறு என்றால் கரண்ட் இருக்கும்போதே ஒரு டெஸ்ட் பல்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகத் தொட்டுக்கொண்டே போவார். எங்கே பல்பு எரியவில்லையோ அங்கே கோளாறு. முப்பது வருடமாக அதுதான் இவர் வழி. காரிலும் அதையே செய்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றி, தலையை உள்ளே விட்டு, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பல்பு முனையை ஒரு மஞ்சள் கனெக்டருக்குள் குத்தினார். அது ஹாரன் வயர் இல்லை. ஏர்பேக் வயர்.

நான் ஓடி வந்தபோது கார் முழுக்க வெள்ளையாகப் புகை. ஸ்டியரிங் நடுவிலிருந்து ஒரு பை காற்றுப்போய்த் தொங்கியது. இவர் கதவோரம் தரையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"என்ன சொல்ற? கேக்கல."

தலை கீழே இருந்ததால் முகம் தப்பியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்று நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. சொன்னாலும் காதில் விழுந்திருக்காது.

ஜூன் 8, திங்கள்

டாக்டர் பார்த்துவிட்டார். இடது மணிக்கட்டு சுளுக்கு, எலும்புக்கு ஒன்றுமில்லை. காது சில நாளில் சரியாகிவிடுமாம். நான்கு வாரம் வேலைக்குப் போக வேண்டாம் என்றார்.

அடிபட்டது இடது கை. ஆடுவது வலது கை. டீ டம்ளரை எடுத்தால் விளிம்பு வரை அலைகிறது. டாக்டர் அந்தக் கையைத் தட்டி, மடக்கி, நீட்டிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமில்லையே" என்றார். ஒன்றுமில்லாத கை ஏன் ஆடுகிறது?

மத்தியானம் இவர் தூங்கும்போது நான் போய்க் காருக்குள் உட்கார்ந்தேன். பட்டாசு வெடித்த வாடை இன்னும் இருக்கிறது. சீட்டெல்லாம் மாவு மாதிரி ஒரு தூள். இது வெடிமருந்தா, வேறேதாவதா? பக்கத்து சீட்டுக்கு எதிரே இருக்கும் பை ஏன் வெடிக்கவில்லை? பதினெட்டு வருடம் ஒரு குண்டை வயிற்றுக்கு நேரே வைத்துக்கொண்டு ஓட்டியிருப்பேன் போல. இதுவரை ஒரு கேள்வி கேட்கவில்லையே நான்!

ஜூன் 10, புதன்

ஜன்னல் கொக்கி கழன்றுவிட்டது. இவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 12, வெள்ளி

பையை வெட்டி எடுத்தேன். எனக்குத் தாங்கவில்லை. ஒரு துணி கண்முன்னே தொங்கும்போது அதைத் தொட்டுப் பார்க்காமல் நான் எப்படி இருப்பேன்?

நல்ல கெட்டி நைலான். இரண்டு வட்டங்களைச் சேர்த்து ஓரத்தில் இரட்டைத் தையல். உள்ளே கையை விட்டால் நாடா நாடாவாகக் குறுக்கே போகிறது. பை ரொம்ப முன்னால் வந்து முகத்தில் அறையாமல் இருக்க அதைப் பிடித்து நிறுத்தும் நாடாக்கள் என்று நினைக்கிறேன். அதில் சில இடங்களில் தையல் பிரிந்திருக்கிறது. மோசமான தையலோ என்று முதலில் நினைத்தேன். உற்றுப் பார்த்தால், மற்ற இடமெல்லாம் கெட்டி நூல், அந்த இடத்தில் மட்டும் மெல்லிய நூல். வேண்டுமென்றே. ஸ்டியரிங்கின் மேல் மூடியின் உட்பக்கத்திலும் அப்படித்தான், மெல்லியதாக ஒரு கோடு கீறிவைத்து, அந்தக் கோட்டிலேயே இரண்டாகப் பிளந்திருக்கிறது. பிரியவே கூடாது என்று நான் ஆயுசு முழுக்கத் தைக்கிறேன். இங்கே ஒருவர் சரியான நேரத்தில் பிரிய வேண்டும் என்று தைத்திருக்கிறார். யாரோ, எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

ஆனால் பின்பக்கம் இரண்டு ஓட்டை. காற்றை அடைக்கும் பைக்கு எதற்கு ஓட்டை?

துவைத்துக் காயப்போட்டு, சூடு குறைத்து இஸ்திரி போட்டேன். பழைய மடிப்புத் தடம் அப்படியே இருந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே மடித்தேன். பக்கவாட்டில் விசிறி மாதிரி, பிறகு மேலும் கீழுமாக. கடைசியில் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. இனி உள்ளே இருக்கும் அந்த வெடிக்கிற சாமானை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டால் முடிந்தது. எனக்கு ஒரே பெருமை.

இவர் வாசலில் நின்று பார்த்தார். வழக்கமாக இருந்தால் என்னைக் கேலி செய்தே தீர்த்திருப்பார். இன்று அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார். அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது.

ஜூன் 14, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பழைய இரும்புக்குப் போட்டுடுங்க அண்ணி" என்றாள். பிறகு அண்ணனைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "விடுண்ணா, யானைக்கும் அடி சறுக்கும்" என்றாள்.

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "யானை சறுக்கினா யானைக்குத்தான் அடி. நான் சறுக்கினா? லிஃப்ட்டுக்குள்ள நிக்கிறவங்களுக்கு அடி."

நாத்தனார் சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

ஜூன் 15, திங்கள்

சூப்பர்வைசருக்கு இவரே போன் பண்ணினார். நான் அடுத்த அறையில் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்றே எழுதலாம். திரும்பி வரும்போது தன்னை ஸ்பேர் ஸ்டோரில் போடச் சொல்கிறார். சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. "இனிமே என்னால லிஃப்ட்டைத் தொட முடியாது சார்."

ஐயோ, இந்த மனுஷன் ஸ்டோர்ல உக்காந்து என்ன பண்ணுவாரு? கல்யாணம் ஆன புதுசுல எங்க போனாலும் லிஃப்ட்ல ஏறினதும் கண்ணை மூடிக்கிட்டு சத்தத்தைக் கேப்பாரே. மேல போறதுக்குள்ள அதுக்கு என்ன வியாதின்னு சொல்லிடுவாரே. ஒரு பை வெடிச்சதுக்கா இதெல்லாம்?

ஜூன் 16, செவ்வாய்

கார் எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். எதைக் கேட்டாலும் "கவலைப்படாதீங்க" என்று ஆரம்பிக்கிறவர். அதையே அவர் பெயராக வைத்துக்கொள்கிறேன்.

மடித்து வைத்திருந்த பையைப் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். கவலைப்படாதீங்க அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"இஸ்திரி வேற போட்டிருக்கீங்களாக்கா?"

"ஏன், மடிப்பு சரியில்லையா?"

"மடிப்பெல்லாம் கம்பெனிக்காரன் தோத்துடுவான். ஆனா இது ஒரு தடவைக்குத்தான்கா. தையல்ல ஏதாவது ஒண்ணு விட்டிருந்தா அடுத்த தடவை எப்படி விரியும்னு யாருக்குத் தெரியும்? வெடிச்சதை மடிச்சு வைக்க முடியாதுக்கா."

அவமானமாக இருந்தாலும் கேள்விகளை விடவில்லை. மாவு வெடிமருந்து இல்லையாம். மடிப்பு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் போடுவதாம். பக்கத்து சீட்டுப் பைக்குத் தனி வயராம். ஓட்டை எதற்கு என்றேன். "முட்டினதும் காத்து வெளிய போகணும்கா. இல்லைன்னா பந்து மாதிரி உங்களைத் திருப்பி அடிச்சிடும். தாங்கவும் தாங்கணும், விட்டும் கொடுக்கணும்." சீட்டுக்கு அடியில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. விபத்தில் வெடிக்கச் சொல்வது அதுதான். இந்தத் தடவை அதைக் கேட்காமலேயே வெடித்ததால் அது கெடவில்லையாம். பை வெடித்ததே அதற்குத் தெரியாது. பைக்குப் போகிற இணைப்பைக் காணோம் என்று மட்டும் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. பாவம்.

அப்புறம்தான் அவர் அதைச் சொன்னார். புதிய பை கிடைப்பது கஷ்டம். மிளகு மாதிரி ஒரு சின்ன ரெசிஸ்டரை அந்த இணைப்பில் போட்டால் போதும். "பை இருக்குன்னு பெட்டி நினைச்சுக்கும். விளக்கு அணைஞ்சிடும். மேல ஒரு மூடியைப் போட்டுத் தரேன். யாருக்கும் தெரியாது."

"யாருக்குத் தெரியாது?"

இவர் குரல். எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"வண்டி ஓட்டறது இவ. பை இல்லைன்னு இவளுக்குத் தெரியணுமா, வேண்டாமா? நாளைக்கு வண்டிய வாங்கறவனுக்குத் தெரியணுமா, வேண்டாமா?"

"இல்லண்ணே, நிறைய பேரு..."

"கதவு மூடலைன்னா லிஃப்ட்டு நகரக்கூடாது. அதுக்குன்னு ஒரு சுவிட்ச் இருக்கு. அது கெட்டுப்போச்சுன்னு ரெண்டு முனையையும் ஒரு வயரால முடிஞ்சு விட்டுட்டுப் போனான் ஒருத்தன். என்கூட வேலை பாத்தவன்தான். கதவு திறந்திருக்கு, லிஃப்ட்டு மேல போகுது. ஒரு அம்மா ஒரு காலை உள்ள வச்சிருந்தாங்க."

அங்கேயே நிறுத்திவிட்டார். அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்படாதீங்க கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் இந்தக் கதையை இவர் என்னிடம் சொன்னதே இல்லை.

"உங்க செலவைப் பாத்துதான் சொன்னேண்ணே" என்றார் கவலைப்படாதீங்க, கொஞ்சம் வாடிப்போய். கெட்ட மனுஷர் இல்லை.

"புதுசுக்குச் சொல்லு" என்றார் இவர்.

ஜூன் 19, வெள்ளி

பைக்கும், ஸ்டியரிங்குக்குள் இருக்கும் சுருள் கேபிளுக்கும் ஆர்டர் கொடுத்தாயிற்று. பழைய மாடல், தூரத்திலிருந்து வர வேண்டும். மூன்றாவது திரைச்சீலையைத் தைத்து முடித்தேன். வாடகை வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூன் 27, சனி

ஸ்டியரிங் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, உள்ளே போகிற வயர் ஏன் முறுக்கி அறுந்துபோவதில்லை? சாப்பிடும்போது கேட்டேன்.

இவர் எழுந்து போய் என் அளவு டேப்பை எடுத்துவந்தார். ஒரு டப்பாவுக்குள் அதைத் தளர்வாகச் சுருட்டி வைத்து, நடுமுனையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒரு பக்கம் திருப்பினால் சுருள் இறுகுகிறது, மறுபக்கம் திருப்பினால் தளர்கிறது. அறுவதில்லை. "பல வருஷம் சுத்தி சுத்தி எங்கேயாவது ஒரு இடத்துல முறியும். முதல்ல ஹாரன் போகும்."

"அப்ப அன்னிக்கு நீங்க குத்திப் பாத்த இடத்துல கோளாறே இல்லையா?"

"இல்ல."

டேப் இவர் கையில் ஆடிக்கொண்டிருந்தது. அதை இருவரும் பார்த்தோம். டப்பாவை மூடி வைத்தார். ஆனால் இவராக எழுந்து போய் ஒன்றைச் செய்து காட்டியது இன்றைக்குத்தான். எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது.

ஜூலை 4, சனி

சாமான் வந்து, மாட்டியும் ஆயிற்று. முழுக்க எழுதிவிடுகிறேன்.

கவலைப்படாதீங்க காலையிலேயே வந்து கருவிப் பையைத் திறந்தார். இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "நான் போடறேன், நீ பக்கத்துல இரு" என்றார். கவலைப்படாதீங்க என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செடியைப் பார்த்தேன்.

முதலில் பேட்டரி வயர் இரண்டையும் கழற்றித் துணி சுற்றினார். அப்புறம் சும்மா காத்திருந்தோம். பேட்டரியைக் கழற்றினாலும் பெட்டிக்குள் கொஞ்சம் கரண்ட் மிச்சமிருக்குமாம், அது வடிய வேண்டும். டீ குடித்தோம். "தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிறோம்" என்றார் இவர். தன்னைத் தானே கேலி செய்துகொண்டார்! அந்த ஒரு வார்த்தைக்காக இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன்.

சுருள் கேபிளை மாட்டும்போது கை அவ்வளவாக ஆடவில்லை. புதிய பையைக் கையில் எடுத்ததும் ஆரம்பித்தது. அதன் முகப்பை உடம்புக்கு எதிர்ப்புறமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தூக்குகிற மாதிரி நடந்தார். "தள்ளி நில்லு" என்றார் என்னிடம். கவலைப்படாதீங்க சொல்லாமலே கேட் வரை தள்ளி நின்றார். நான் நகரவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மஞ்சள் கனெக்டர். முதல் தடவை பொருந்தவில்லை. இரண்டாம் தடவையும் விலகிப் போயிற்று. நெற்றியில் வியர்வை. அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள எனக்குக் கை பரபரத்தது. பிடித்தால் அது என் வேலையாகிவிடும் என்று இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன். இவர் மணிக்கட்டை ஸ்டியரிங் விளிம்பில் ஊன்றிக்கொண்டார். மூச்சை விட்டார். 'டக்' என்றது.

பேட்டரியை மாட்டி, எல்லாரையும் விலகச் சொல்லி, கதவுக்கு வெளியே நின்று பக்கவாட்டில் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. பிறகு அணைந்தது.

"அணைஞ்சிடுச்சுண்ணே" என்றார் கவலைப்படாதீங்க கேட்டிலிருந்தே.

"தானா அணைஞ்சுது" என்றார் இவர்.

ஹாரனும் அடித்தது.

ஜூலை 6, திங்கள்

இவர் வேலைக்குப் போனார். ஸ்டோருக்குத்தான். காரில் பையை மாட்டியதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். ஆத்திரமாக வந்தது. இன்று முழுக்க ஊசி உடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 9, வியாழன்

சாயங்காலம் வர நேரமாயிற்று. வந்தவர் சட்டையில் கிரீஸ். ஸ்டோரில் கிரீஸ் டப்பாவுக்குள்தான் இருக்கும், சட்டையில் எப்படி வந்தது?

கேட்டேன். எங்கோ ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டதாம். உள்ளே மூன்று பேர். மற்ற மெக்கானிக்குகள் எல்லாரும் வெளியே. சூப்பர்வைசர் ஸ்டோர் வாசலில் வந்து நின்றாராம். போ என்று சொல்லவில்லையாம், சும்மா நின்றாராம்.

"கை?"

"ஆடிச்சு."

"அப்புறம்?"

"ஆடிக்கிட்டேதான் வேலை செஞ்சுது. கதவைத் திறக்கறதுக்கு முன்னால ரெண்டு தடவை சரிபாத்தேன். முன்னெல்லாம் ஒரு தடவைதான் பாப்பேன்."

மூன்று பேரும் நடந்து வெளியே வந்தார்களாம். அதில் ஒருவர் லிஃப்டைத் திட்டிக்கொண்டே போனாராம், நன்றி கூடச் சொல்லவில்லையாம். அதைச் சொல்லும்போது இவர் சிரித்தார். எனக்கு இன்னும் கேட்க நிறைய இருந்தது. கேட்காமல் சாப்பாடு போட்டேன். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

படுக்கப் போகும்போது, "காலையில ஸ்டோர் சாவியைத் திருப்பிக் கொடுக்கணும், ஞாபகப்படுத்து" என்றார்.

மறக்காமலிருக்க இங்கே எழுதுகிறேன்: சாவி கிரீஸ் சட்டையின் பையிலேயே இருக்கிறது. துவைக்கப் போடுமுன் எடுக்க வேண்டும்.