கம்பியில் குந்திய கரிச்சான்

ஆவடி தொழிற்சாலைக்குக் காலை ஷிப்டு கிளம்பிய வேதகிரி, இரண்டு நாளாகத் தன்னோடு பேசாமல், இன்றும் பேசாமலே தண்ணீர் பிடிக்கப் போய்விட்ட மனைவிக்குக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினான்:

“கெங்கா, கஞ்சி குடிச்சிட்டேன். சாவி பக்கத்து ஊட்டுல கீது. உன் சாம்பிராணிப் பொகையாலதான் பெட்டியில தேனீ கொறையுதுன்னு கத்தினேனே, அது இல்ல. இன்னைக்குத்தான் பாத்தேன். பெட்டிக்கு எதிர்ல, துணி காயப்போட நான் கட்டின கம்பியில ரெண்டு கரிச்சான் குந்திக்கினு, வெளிய வர்ற தேனீயை ஒவ்வொண்ணா கவ்விக்கினு போவுது. மிச்சதெல்லாம் பயந்துகினு உள்ளேயே கீது. கம்பியை அவுத்து அந்தாண்ட கட்டிட்டேன். உன் பொடவை அதுலதான் காயுது.”

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் நுணுக்கி எழுதினான்:

“இன்னைக்கு வெள்ளிக்கெழம. தலைக்கு ஊத்திக்கினு பொகை போட்டுக்க. சாம்பிராணி டப்பா தொலையல, பரண்மேல கீது. ஒளிச்சி வெச்சது நான்தான்.”