அட்டைக்கடியும் செல்வியின் இரத்தமும்

1976 ஆடி, வெள்ளி இரவு

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று முன்பே சொன்னவன் நான். அக்கா மகள் செல்விக்குக் கொழும்பில் இருதய ஆபரேஷன் என்றபோதே, "வெட்டுறது லேசு, ரத்தத்த நிப்பாட்டுறதுதான் கஷ்டம்" என்று ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லியிருந்தேன்.

சின்ன மகனுக்குக் காய்ச்சல் என்று அக்கா கொழும்புக்கு வரவில்லை. செல்விக்குத் துணையாகப் போன நான், ஆபரேஷன் முடிந்ததும் அக்காவைக் கூட்டிப்போக இன்று சாயங்காலம் தோட்டத்துக்கு வந்தேன். வாசலிலேயே விளக்கினேன்.

"இருதயத்த நிப்பாட்டி ரத்தத்த மெஷினுல ஓட விடுறப்ப, அது ஒறையாம இருக்க ஒரு மருந்து. முடிஞ்சதும் ஒறைய வைக்க இன்னொன்னு; அப்பவும் ரத்தம் நிக்கல. அட்ட கடிச்சா நிக்காம ஓடுமே, அது மாதிரிங்களான்னு கேட்டேன். டாக்டரே அசந்துட்டாரு!"

"அட்டக்கடிக்கு சுண்ணாம்பு வைப்போம். அவளுக்கு என்னத்தடா வச்சாங்க?"

"புது ரத்தம் ஏத்துனாங்க. நெஞ்சுல வச்ச கொழாயில ரத்தம் வடியிறது கொறஞ்சிருச்சு."

"என்னைய கேட்டாளா?"

"கண்ணு முழிச்சதும் அம்மா எங்கன்னுதான் கேட்டா."

செல்வியின் தாவணியை மடியில் வைத்துக்கொண்டு, அதை மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாள் அக்கா. கடைசித் தடவை, "அம்மா கையில கொழுந்து வாசம் அடிக்குமேன்னு அழுதா" என்றும் சேர்த்துவிட்டேன். அதன்பிறகுதான் சோற்றில் கை வைத்தாள்.

காலை ரயிலில் போகிறோம்.

டாக்டர் அசந்தது நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. போகட்டும். இரத்தம் வடிவது குறைந்தது சத்தியம். ஆனால் நான் ரயிலேறும்வரை செல்வி கண் திறக்கவேயில்லை. நாங்கள் போய்ச் சேருவதற்குள் அவள் கண் திறந்து, அம்மா எங்கே என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.